ஆக்கச் சிந்தனை ஆய்வுகளுக்கு நூலளவியல் வரைபடம்: தேடல் தொடரும் கொத்துகளும் காணாமல் போன வெர்தைமரும்

#1 · கோட்டோவியம்

எல்லோருக்கும் வணக்கம். "புரடக்டிவ் திங்கிங்", அதாவது ஆக்கச் சிந்தனை பற்றி 1970 முதல் இன்றுவரை வந்த ஆய்வுகளின் போக்கை நூலளவியல் முறையில், அதாவது வெளியீடுகளையும் மேற்கோள்களையும் எண்ணி, வரைபடமாக்க வேண்டும். போட்டிருக்கும் திட்டம் இதுதான்: ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் மூன்றிலும் அந்தச் சொற்றொடரைத் தேடுவது, சிஎஸ்வி கோப்பாக இறக்குவது, விஓஎஸ்வியூவர் என்ற வரைபட மென்பொருளில் குறிச்சொல் இணைவு, நாடுகளின் கூட்டு, இணைமேற்கோள் (எந்த நூல்கள் சேர்ந்தே மேற்கோளாகின்றன என்பது) ஆகிய மூன்று வரைபடங்கள் போடுவது.

முதல் வரைபடத்திலேயே மூன்று சிக்கல்.

ஒன்று, நடுவில் பெரிதாக உட்கார்ந்திருக்கும் முடிச்சுகள் "மனிதர்", "கட்டுரை", "பெண்", "ஆண்". இரண்டு, கணிதக் கல்விக்குப் பக்கத்திலேயே மனச்சோர்வும் கவலை நோயும் ஒரு கொத்தாக வருகின்றன. மூன்று, இந்தச் சொல்லுக்கே பேர் போன உளவியலாளர் வெர்தைமர் இணைமேற்கோள் வரைபடத்தில் சின்னப் புள்ளியாகக்கூடத் தென்படவில்லை. எங்கே தவறுகிறது?

#2 · உட்காட்சி

தவறு மென்பொருளில் இல்லை. இந்தப் பெயரில் குறைந்தது நான்கு தனித்தனி ஆய்வு மரபுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் வரைந்தால் அந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்பதுதான் படத்தில் வரும். சிந்தனை ஆய்வு எப்படி வளர்ந்தது என்பது வராது.

முதல் மரபு கெஸ்டால்ட் உளவியல். ஓட்டோ செல்ட்ஸ் 1922, கார்ல் டுங்கர் 1935, மாக்ஸ் வெர்தைமர் 1945 என்று வருகிற வரிசை. இங்கே ஆக்கச் சிந்தனைக்கு எதிர்ச்சொல் மீளாக்கச் சிந்தனை. வெர்தைமர் தரும் இணைகர எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கட்டுரைகளைப் பிரிப்பது எளிது. மேல் மூலையிலிருந்து செங்குத்துக்கோடு இறக்கி, அடிப்பக்கத்தை நீட்டி, இணைகரத்தின் பரப்பளவைக் கண்டுபிடிக்க மாணவர்கள் பழகிவிட்டார்கள். அளவு மாறினாலும் சரியாகச் செய்கிறார்கள். வெர்தைமர் அதே மாதிரி உருவத்தைச் சாய்த்து வரைந்ததும் ஒரு மாணவர், இதை இன்னும் நடத்தவில்லை என்கிறார். சிலர் பழக்கத்தின் போக்கிலேயே செங்குத்துக்கோடு இறக்கிவிட்டு, அது பொருந்தாமல் விழிக்கிறார்கள். ஒரு முனையில் துருத்தி நிற்கும் முக்கோணம் மறுமுனையின் குறையை நிரப்புகிறது என்ற அமைப்பைப் பார்த்தவர் மட்டும் எந்தச் சாய்விலும் செய்கிறார். முதலாவது மீளாக்கம், இரண்டாவது ஆக்கம். உட்காட்சி (இன்சைட்), மறுகட்டமைப்பு, செயல்நிலைப்பு (ஒரு பொருளை அதன் வழக்கமான பயனிலேயே பார்ப்பது) போன்ற சொற்கள் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

இரண்டாவது, அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்டின் 1950 உரைக்குப் பின் வந்த படைப்பாற்றல் மரபு. இதில் ஆக்கச் சிந்தனை என்றால் பல விடைகளைத் தேடும் விரிசிந்தனையும் ஒரே சரியான விடையை நாடும் குவிசிந்தனையும் சேர்ந்தது. பள்ளிப் பயிற்சித் திட்டங்கள் பல இந்த வேரிலிருந்து வந்தவை. அரபு மொழிக் கல்வியியல் இதழ்களில் "அத்தஃப்கீர் அல்முன்திஜ்" என்று வருவதும் இதற்கு நெருங்கிய பொருளில்தான்: விமர்சனச் சிந்தனையையும் படைப்புச் சிந்தனையையும் சேர்த்து அளப்பார்கள்.

மூன்றாவது சோவியத் மரபு. கல்மிக்கோவாவின் 1981 நூல் ஆக்கச் சிந்தனையைக் கற்கும் திறனின் அடிப்படையாக வைக்கிறது. அந்த வழியில் வரும் ரஷ்ய மொழிக் கட்டுரைகளின் ஆங்கிலச் சுருக்கத்திலும் இதே சொற்றொடர்தான் நிற்கும்.

நான்காவது மேலாண்மைப் பயிற்சி. டிம் ஹர்சனின் ஆறு படி மாதிரி. அதன் தாய்வேர் ஆஸ்போர்ன், பார்ன்ஸ் இருவரின் சிக்கல் தீர்வு முறை.

உங்கள் படத்தில் இருக்கும் மனச்சோர்வுக் கொத்து இந்த நான்கிலும் சேராது. அது எப்படி உள்ளே நுழைந்தது என்பதைத் தேடல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

#3 · நூலடுக்கு

அது இடைக்கோட்டின் வழியாக நுழைந்தது.

ஸ்கோப்பஸில் இரட்டை மேற்கோள் போட்டுத் தேடினால் தளர்ந்த சொற்றொடர்த் தேடல்தான் நடக்கும். நிறுத்தற்குறிகளைக் கண்டுகொள்ளாது. "கவுன்ட்டர்-புரடக்டிவ் திங்கிங்", "நான்-புரடக்டிவ் திங்கிங்" என்று இடைக்கோட்டோடு எழுதியவற்றில் பின்பாதி அப்படியே நம் சொற்றொடராகப் படிக்கப்பட்டுவிடும். பொருளோ நேர் எதிர். திரும்பத் திரும்ப ஒன்றையே நினைத்து உழல்வதை ஆராயும் மருத்துவ உளவியலில் இந்தச் சொற்கள் சாதாரணம். கொத்து அங்கிருந்துதான் வந்திருக்கும்.

இதற்கு "அண்ட் நாட்" போட்டு ஒரேயடியாக வெட்டுவது ஆபத்து. இரண்டு பொருளையும் ஒப்பிட்டுப் பேசும் நல்ல கட்டுரையும் அதோடு போய்விடும். எல்லாவற்றையும் இறக்கியபின், சுருக்கத்தில் அந்தச் சொற்றொடருக்கு முன்னால் இடைக்கோடு இருக்கிறதா என்று வடிகட்டி, சிக்கியவற்றைக் கண்ணால் பார்த்து நீக்குங்கள்.

"மனிதர், கட்டுரை, பெண்" சிக்கலுக்குக் காரணம் வேறு. ஸ்கோப்பஸின் குறிச்சொல் புலம் இரண்டு அடுக்கு. ஒன்று ஆசிரியர் தந்தது. மற்றது எம்ட்ரீ, மெஷ் போன்ற சொற்பட்டியல்களிலிருந்து அட்டவணையாளர் ஏற்றியது. நீங்கள் குறிப்பிட்ட நான்கு சொல்லும் இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தவை. விஓஎஸ்வியூவரில் அலகு தேர்ந்தெடுக்கும் இடத்தில் "ஆல் கீவேர்ட்ஸ்" விட்டுவிட்டு "ஆத்தர் கீவேர்ட்ஸ்" எடுங்கள். படம் அப்போதே வேறாகிவிடும். தேடலையும் டைட்டில், ஆப்ஸ், ஆத்கீ என்று மூன்று தனிப் புலங்களாகப் பிரித்து "ஆர்" (அல்லது) போட்டு எழுதுங்கள்.

வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மற்றத் தரவுத்தளத்தை எடுத்தாலும் இதே கதைதான். அங்கே "டாப்பிக்" தேடல் கீவேர்ட்ஸ் பிளஸ் புலத்தையும் துழாவும். அந்தச் சொற்களைக் கட்டுரை ஆசிரியர் எழுதவில்லை. அவர் மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் தலைப்புகளிலிருந்து இயந்திரம் பொறுக்கியவை அவை. ஆக்கச் சிந்தனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கட்டுரை, மேற்கோள் பட்டியலில் அந்தச் சொற்றொடர் உள்ள தலைப்புகள் இருந்ததாலேயே உள்ளே வந்துவிடும்.

#4 · மறைக்கணக்கு

கோப்பு இறக்கும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிடறேன். பாதிப் பேர் இங்கதான் கவுறாங்க.

ஸ்கோப்பஸ்ல சிஎஸ்வி எடுக்கறப்ப சுருக்கம், ஆசிரியர் குறிச்சொல், மேற்கோள் பட்டியல் மூணுக்கும் தனித்தனியா டிக் போடணும். மேற்கோள் பட்டியல் டிக் இல்லேன்னா இணைமேற்கோள் ஓடாது. வெப் ஆஃப் சயின்ஸ்ல "ஃபுல் ரெக்கார்ட் அண்ட் சைட்டட் ரெஃபரன்சஸ்" எடுக்கணும். ஒரு தடவைக்கு 500 பதிவுதான் தரும், அதனால துண்டு துண்டா இறக்கிச் சேருங்க.

அடுத்தது, அந்த சிஎஸ்வியை எக்செல்ல திறந்து சேமிக்கவே சேமிக்காதீங்க. ஒரு கட்டத்துக்கு 32,767 எழுத்துதான் எக்செல்லோட எல்லை. 400 மேற்கோள் இருக்கற மீளாய்வுக் கட்டுரையில அந்த நெடுவரிசை எல்லையைத் தாண்டிரும். மிச்சம் வெட்டுப்படும், இல்லேன்னா அடுத்த வரிக்கு வழிஞ்சு கோப்பே கோணும். இன்னொண்ணு, கோலர், டார்னர் மாதிரி ஜெர்மன் பேர்கள்ல ஓ மேல இருக்கற ரெண்டு புள்ளி குப்பை எழுத்தா மாறிடும். அப்புறம் ஒரே ஆள் ரெண்டு முடிச்சா நிப்பார். சுத்தம் பண்ணணும்னா ஓப்பன்ரிஃபைன்ல பண்ணுங்க. அதுல இருக்கற கொத்தாக்கும் வசதி எழுத்து வேறுபாடுகளை ஒண்ணா எடுத்துக் காட்டும், நீங்க ஒவ்வொண்ணா ஒத்துக்கிட்டாத்தான் மாத்தும்.

ஆர்ங்கற நிரல் மொழியில ஆரியாவும் குக்குருல்லோவும் எழுதின பிப்ளியோமெட்ரிக்ஸ்ங்கற மென்பொருள் இருக்கு. கோப்பை ஏத்தினதும் முதல் வேலையா "மிஸ்ஸிங் டேட்டா" அட்டவணையைப் பாருங்க. எந்தப் புலத்துல எத்தனை விழுக்காடு காலின்னு சொல்லும். 1970, 80-கள்ல வந்த கட்டுரைகள்ல ஆசிரியர் குறிச்சொல் பெரும்பாலும் இருக்காது, அப்ப அந்தப் பழக்கமே இல்ல. அதைக் கவனிக்காம குறிச்சொல் வரைபடம் போட்டுட்டு "1970 முதல் இன்றுவரை"ன்னு தலைப்பு வச்சா தப்பு. குறிச்சொல் வரைபடத்துக்கு 2000-க்குப் பிறகுள்ள தொகுப்பை மட்டும் எடுங்க. முந்தைய காலத்துக்குத் தலைப்பு, சுருக்கச் சொற்களை வச்சுப் போடுங்க.

#5 · கோட்டோவியம்

மிக்க நன்றி. முதல் இரண்டு சிக்கலும் தெளிந்துவிட்டன. ஆனால் உட்காட்சி மேடம் சொன்னபடி பிரித்தால் ஒவ்வொரு மரபிலும் எண்ணிக்கை மிகவும் குறைகிறது. கிரியேட்டிவ் திங்கிங், கிரிட்டிக்கல் திங்கிங், பிராப்ளம் சால்விங் மூன்றையும் "ஆர்" போட்டுச் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை கூடும். அப்படிச் செய்யலாமா?

#6 · பனைநிழல்

சேர்க்க வேண்டாம். சேர்த்தால் பல்லாயிரக்கணக்கில் கட்டுரை வரும், அதுக்குள்ள உங்கட சொல் ஒரு மூலையில தொலைஞ்சு போகும். பிறகு வாறது படைப்புச் சிந்தனை ஆய்வின்ர வரைபடம் தானே. அதை ஏற்கெனவே பல பேர் போட்டிருக்கினம்.

தொகுப்பைப் பெருப்பிக்க வேறு வழி இருக்கு: சொல்லால தேடாமல் மேற்கோளால தேடுறது. வெர்தைமரின்ர நூலையோ டுங்கரின்ர நூலையோ மேற்கோள் காட்டின கட்டுரை, அந்தச் சொல்லைத் தலைப்பில பாவிக்காட்டிலும் அதே மரபில நிக்கிற வாய்ப்பு அதிகம்.

வெப் ஆஃப் சயின்ஸில "சைட்டட் ரெஃபரன்ஸ் சர்ச்" எண்டு தனிப் பக்கம் இருக்கு. மேற்கோள் ஆசிரியர் கட்டத்தில வெர்தைமர் எம், நூல் கட்டத்தில "புரடக்ட்*". தேடினால் ஒரே நூல் பல வரியாகப் பிரிஞ்சு கிடக்கிறது தெரியும். பொருந்தினதை ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போடுங்கோ, எல்லாத்தையும் கண்ணை மூடித் தெரிவு செய்ய வேண்டாம். ஸ்கோப்பஸில "ரெஃப்" புலத்தில சொற்றொடரைப் போடலாம். ரஷ்யத் தொகுப்புக்கு அதே புலத்தில "புரொடுக்டிவ்னொயெ மிஷ்லெனியெ" எண்டதை இலத்தீன் எழுத்தில ஒலிபெயர்த்துப் போட்டால் கல்மிக்கோவா வழி வந்தவை அகப்படும்.

இப்ப உங்களிட்ட இரண்டு தொகுப்பு. சொல்லால வந்தது, மேற்கோளால வந்தது. இரண்டிலும் பொதுவாக எத்தனை, ஒன்றில மட்டும் எத்தனை எண்டு முதலில எண்ணிப் போடுங்கோ. இரண்டும் அரைகுறையாகத்தான் ஒன்றோடொன்று படியும். அந்த இடைவெளியே ஒரு கண்டுபிடிப்பு. சொல்லைப் பாவிச்சும் மூலத்தைத் தொடாதவை ஒரு பக்கம், மூலத்தில நிண்டும் சொல்லைக் கைவிட்டவை மற்றப் பக்கம்.

#7 · நூலடுக்கு

பனைநிழல் சொன்னது முழுக்கச் சரி. "ஒரே நூல் பல வரியாக" என்றாரே, வெர்தைமர் காணாமல் போனதற்கும் அதுதான் காரணம். கிட்டே போய்ப் பார்ப்போம். மேற்கோள் பட்டியல்களில் அந்த நூல் இப்படியெல்லாம் வரும்:

வெர்தைமர் எம்., புரடக்டிவ் திங்கிங், 1945
வெர்தைமர் எம்., புரடக்டிவ் திங்கிங், விரிவாக்கப் பதிப்பு, 1959
வெர்தைமர் மாக்ஸ், புரடக்டிவ் திங்கிங், 1982
வெர்தைமர் எம்., புரொடுக்டிவெஸ் டெங்கன், என்று ஜெர்மன் மொழிபெயர்ப்பு

மென்பொருளுக்கு இவை நான்கு தனி நூல்கள். இணைமேற்கோளில் குறைந்தபட்சம் 20 மேற்கோள் என்று வாசல் வைத்தால், 15, 12, 8, 3 என்று சிதறிய நூல் ஒன்றுகூட உள்ளே நுழையாது. கூட்டினால் 38, அதாவது வாசலுக்கு மேல். இந்த எண்கள் விளக்கத்துக்காகச் சொன்னவை, உங்கள் தரவில் வேறாக இருக்கும். நடப்பது மட்டும் இதுதான்.

விஓஎஸ்வியூவருக்கு ஒரு சொற்களஞ்சியக் கோப்பு கொடுக்கலாம். சாதாரண உரைக் கோப்புதான். முதல் வரியில் "லேபிள்", ஒரு டேப், "ரீப்ளேஸ் பை" என்ற இரு தலைப்புகளையும் சிறிய ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். அடுத்த வரியிலிருந்து இடப்பக்கம் திரிந்த வடிவம், வலப்பக்கம் வைத்துக்கொள்ளும் வடிவம். நடுவில் இடைவெளி இருந்தால் வேலை செய்யாது, டேப்தான் வேண்டும். வலப்பக்கத்தைக் காலியாக விட்டால் அந்தச் சொல் படத்திலிருந்தே நீங்கிவிடும். குறிச்சொல் வரைபடத்திலும் ஒருமை-பன்மை, பிரிட்டிஷ்-அமெரிக்க எழுத்து, சுருக்கப்பெயர் ஆகியவற்றை இதே கோப்பால் ஒன்றாக்கலாம்.

சேர்க்கும்போது மூன்று கண்ணிகள்.

தந்தையும் மகனும்: மாக்ஸ் வெர்தைமரின் மகன் மைக்கேல் வெர்தைமரும் உளவியலாளர், உளவியல் வரலாறு எழுதியவர். "வெர்தைமர் எம்." இருவருக்கும் பொருந்தும். நூல் அளவில் இணைமேற்கோள் போட்டால் பிழைத்தீர்கள். ஆசிரியர் அளவில் போட்டால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். மாக்ஸ் இறந்தது 1943-ல், அவர் நூலே மறைவுக்குப் பின் வந்தது. அதனால் ஆண்டை மட்டும் வைத்துப் பிரிக்கவும் முடியாது, மறுபதிப்புகள் மகனின் காலத்தில் விழும். நூற்பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஒரே தலைப்பு, இரு நூல்: செல்ட்ஸின் 1922 நூலும் டுங்கரின் 1935 நூலும் ஜெர்மனில் "ட்சுர் சைக்கோலொகி டெஸ் புரொடுக்டிவன் டெங்கன்ஸ்" என்றே தொடங்கும். செல்ட்ஸில் மட்டும் "பிழையும்" என்று ஒரு வால் உண்டு. எழுத்து ஒற்றுமை பார்த்துத் தானாகச் சேர்க்கும் கருவிகள் இரண்டையும் ஒட்டிவிடும். அப்படி ஒட்டினால், அவுஷ்விட்ஸ் நாஜி முகாமில் உயிரிழந்த செல்ட்ஸின் பங்களிப்பு வரைபடத்திலும் அழிந்துபோகும். இதைத் தயவுசெய்து கையால் சரிபாருங்கள்.

1945 என்ற ஆண்டு: வெர்தைமர் நூல் அந்த ஆண்டு. டுங்கரின் ஆங்கில மொழிபெயர்ப்பு சைக்கலாஜிக்கல் மோனோகிராஃப்ஸில் வந்ததும் அதே ஆண்டு. சிக்கல் தீர்க்கும் கலை பற்றிய போல்யாவின் கணித நூலும் அதே ஆண்டு. மேற்கோள் ஆண்டு நிறமாலை போட்டால், அதாவது மேற்கோளான நூல்கள் வெளிவந்த ஆண்டுகளை எண்ணி, முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டு சேர்த்த ஐந்தாண்டு இடைநிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று வரைந்தால், 1945-ல் ஒரு முகடு எழும். அதை அப்படியே "வெர்தைமர் முகடு" என்று எழுதிவிடாதீர்கள். கணிதக் கல்விக் கட்டுரைகள் மிகுந்த தொகுப்பில் அது பெரும்பகுதி போல்யாவாக இருக்கலாம். முகட்டைத் திறந்து எந்த நூல் எத்தனை என்று பாருங்கள். சிஆர்எக்ஸ்ப்ளோரர் மென்பொருளிலும், பிப்ளியோமெட்ரிக்ஸின் இணைய முகப்பான பிப்ளியோஷைனியிலும் இதற்கு வழி உண்டு.

ஒன்று கூடுதலாக: ஸ்கோப்பஸில் மேற்கோள் பட்டியல்கள் 1970 வரைதான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தைய கட்டுரைகள் இணைமேற்கோளுக்கு உதவாது. நீங்கள் 1970-ல் தொடங்கியது தற்செயலோ என்னவோ, நல்ல எல்லை.

#8 · மறைக்கணக்கு

நூலடுக்கு ஐயா சொன்ன கோப்பு வேலையை முடிச்சிட்டுத்தான் வாசல் எண்ணுக்கே வரணும். வாசல் எவ்வளவு வைக்கறதுன்னு எல்லாரும் கேப்பாங்க. குறிச்சொல்லுக்கு மென்பொருள் தானா வைக்கறது 5. அதை அப்படியே விட்டுட்டுப் போறது சோம்பல். 3, 5, 8 மூணுலயும் ஓட்டுங்க. கொத்துப் பிரிக்கிற ரெசல்யூஷனையும் 0.8, 1.0, 1.2-ன்னு மாத்திப் பாருங்க. எந்தக் கொத்து எல்லாத்துலயும் நிக்குதோ அதைப் பத்தி மட்டும் எழுதுங்க. ஒரே ஒரு அமைப்புல தலைகாட்டிட்டு ஓடிப்போறது கொத்தே இல்ல.

வாசலைக் குறைச்சா ஏன் படம் விசித்திரமா மாறுதுங்கறதுக்குக் கணக்கு இருக்கு. விஓஎஸ்வியூவர் ரெண்டு சொல் சேர்ந்து வந்த எண்ணிக்கையை நேரா எடுத்துக்காது. அதை ரெண்டோட மொத்த இணைப்பு வலுவின் பெருக்கல்ல வகுக்கும். மாதிரிக்கு: "படைப்பாற்றல்" மொத்தம் 60, "கணிதக் கல்வி" 40, சேர்ந்து வந்தது 12. 12-ஐ 2400-ல வகுத்தா 0.005. "செயல்நிலைப்பு" 5, "உட்காட்சி" 12, சேர்ந்தது 3. 3-ஐ 60-ல வகுத்தா 0.05. சேர்ந்து வந்தது கால்வாசிதான், பிணைப்போ பத்து மடங்கு. அதனாலதான் ரெண்டு மூணு தடவை மட்டும் வந்த சொற்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஓரத்துல தனித்தீவா நிக்கும். அநேகமா ஒரே ஆளோட மூணு கட்டுரையா இருக்கும். தீவைக் கண்டதும் "புதிய ஆய்வுத் திசை"ன்னு எழுதாம, பின்னால எத்தனை ஆசிரியர்னு எண்ணுங்க.

கூட்டு வரைபடத்துக்கு "ஃபிராக்ஷனல் கவுன்ட்டிங்", அதாவது பங்கு பிரிச்சு எண்ணறதை எடுங்க. ஆறு பேர் எழுதின கட்டுரைன்னா ஒவ்வொரு இணைப்புக்கும் ஐந்துல ஒரு பங்கு. முழு எண்ணல்ல ஒரே பெரிய குழு படத்தையே முழுங்கிடும்.

சின்னத் தொகுப்புக்கு இன்னொரு எச்சரிக்கை. பிரிச்சபின் ஒரு மரபுல 150 கட்டுரைதான்னா "முதல் பத்து ஆசிரியர்கள்" அட்டவணை போடாதீங்க. மூணு கட்டுரை எழுதினவர் முதலிடம், ரெண்டு எழுதின பதினஞ்சு பேர் ரெண்டாமிடம்னு வரும். அதுல ஒரு சேதியும் இல்ல. அந்த அளவுக்கு உக்காந்து படிச்சு எழுதற மீளாய்வுதான் சரி. நூலளவியல் சில நூறு தாண்டினாத்தான் பேச ஆரம்பிக்கும்.

#9 · உட்காட்சி

கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடில்லை. 150 கட்டுரைகளுக்கும் நூற்பட்டி இணைப்பு பயன்படும். இரு கட்டுரைகள் எத்தனை மேற்கோள்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதைக் கெஸ்லர் 1963-ல் சொன்னபடி பார்ப்பதற்குப் பெரிய தொகுப்பு தேவையில்லை. படிக்கும் வரிசையை முடிவு செய்ய அதைவிட நல்ல உதவி கிடையாது. தரவரிசை அட்டவணை வேண்டாம் என்பது மட்டும் சரி.

பிரிக்கும் வேலையை எப்படிச் செய்வது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். இருவர் உட்கார வேண்டும். தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் படித்து கெஸ்டால்ட், கில்ஃபோர்ட் வழி, சோவியத் வழி, மேலாண்மை, பொருந்தாதது என ஐந்தில் ஒரு குறி. ஒருவர் குறியை மற்றவர் பார்க்கக் கூடாது. முதலில் 50 கட்டுரைகளுக்குச் செய்து, இருவர் குறிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோஹன் கப்பா எண்ணைக் கணக்கிடுங்கள். 0.6-க்குக் கீழே வந்தால் மேலே போகாதீர்கள். வரையறை தெளிவில்லை என்று பொருள், அதைத் திருத்தி வேறு 50 எடுங்கள். குழப்பம் எப்போதும் கெஸ்டால்டுக்கும் கில்ஃபோர்டுக்கும் நடுவில்தான் வரும். அளவுகருவியைப் பாருங்கள். மெழுகுவர்த்திச் சிக்கல், நீர்க்குடுவைச் சிக்கல், ஒன்பது புள்ளிகள் என்றால் முதலாவது. எத்தனை விடை, எத்தனை வகை, எவ்வளவு புதுமை என்று மதிப்பெண் போட்டால் இரண்டாவது.

கருப்பொருள் வரைபடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலோன் வழியில் கிடையச்சு மையத்தன்மை (மற்றக் கருப்பொருள்களோடு உள்ள தொடர்பு), நிலையச்சு அடர்த்தி (கருப்பொருளின் உள்ளிணைப்பு). கீழ் இடக் கட்டத்தில் விழும் கருப்பொருளை எல்லோரும் "வளர்ந்து வருவது" என்று எழுதுகிறார்கள். அந்தக் கட்டத்தின் பெயர் வளர்வது அல்லது தேய்வது. எது என்பதை ஒற்றைப் படம் சொல்லாது. காலத்தை மூன்று துண்டாக வெட்டி, அந்தக் கருப்பொருள் முந்தைய துண்டில் எங்கே இருந்தது என்று பார்த்தால்தான் தெரியும். 1960-70-களின் பள்ளிப் பயிற்சித் திட்டங்கள் தொடர்பான சொற்கள் அங்கே விழுந்தால், அதை எதிர்காலம் என்று எழுதுவது பெரும் தவறு.

#10 · கோட்டோவியம்

ஐந்து குறிகள் வைத்துப் பிரிக்கும் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. இன்னும் இரண்டு கேள்விகள். ஸ்கோப்பஸ் அணுக்கம் இல்லாத கல்லூரியில் இருப்பவர் இதை எப்படிச் செய்வது? ஆண்டு வாரியான வளர்ச்சிக் கோடு 2017-லிருந்து செங்குத்தாக ஏறுகிறது, அதை நம்பலாமா?

#11 · பனைநிழல்

அணுக்கம் இல்லாட்டில் ஓப்பன்அலெக்ஸ் எண்ட திறந்த தரவுத்தளம். மைக்ரோசாஃப்ட் அகாடமிக் 2021 முடிவில நிண்டபிறகு அந்த இடத்துக்கு வந்தது, காசில்லை. விஓஎஸ்வியூவரே நேரடியாக அங்கயிருந்து இழுக்கும். ஆனால் மூன்று விசயம் தெரிஞ்சு பாவியுங்கோ. அதில இருக்கிற குறிச்சொல் ஆசிரியர் தந்ததில்லை, இயந்திரம் ஒட்டினது, அதால குறிச்சொல் இணைவு வரைபடம் போட வேண்டாம். தேடல் சொல்லின்ர அடிவேரைப் பிடிச்சுத் தேடும், அதை நிறுத்துற வடிகட்டி தனியாக இருக்கு, அதைப் போடுங்கோ. சுருக்கம் எல்லாப் பதிவிலயும் இராது. மற்றபடி மேற்கோள் இணைப்புக்கு நல்லது, ஆங்கிலம் தவிர்ந்த மொழியும் கூடுதலாகக் கிடைக்கும்.

பப்ளிஷ் ஆர் பெரிஷ் எண்ட மென்பொருள் வழியாகக் கூகுள் ஸ்காலர் எடுத்துச் செய்யிற ஆட்கள் கனபேர். ஒரு தேடலுக்கு 1000 பதிவோட நிண்டுவிடும், மேற்கோள் பட்டியலும் இல்லை, குறிச்சொல்லும் இல்லை. தலைப்புச் சொல் வரைபடம் மட்டும்தான் போடலாம். அதைப் போட்டுவிட்டு "அறிவுக் கட்டமைப்பு" எண்டு பெயர் வைக்கக் கூடாது.

இரண்டு தரவுத்தளத்தைச் சேர்க்க நினைச்சால் டிஓஐ (கட்டுரையின்ர நிலையான அடையாள எண்), பிறகு தலைப்பு எண்ட ஒழுங்கில இரட்டிப்பை நீக்குங்கோ. இணைமேற்கோளை மட்டும் ஒரே தளத்தில வச்சுச் செய்யுங்கோ. ஸ்கோப்பஸ் மேற்கோளை எழுதிற முறை வேறு, வெப் ஆஃப் சயின்ஸ் எழுதிற முறை வேறு. கலந்தால் பழையபடி வெர்தைமர் துண்டுதுண்டாகப் போயிடுவார்.

#12 · நூலடுக்கு

வளர்ச்சிக் கோட்டை அப்படியே நம்பாதீர்கள். மூன்று சரிபார்ப்பு.

ஆவண வகை: மாநாட்டுக் கட்டுரைகளைத் தனிக் கோடாகப் பிரியுங்கள். அந்த ஆண்டுகளில் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ் கான்ஃபரன்ஸ் சீரிஸ் போன்ற தொடர்களில் இந்தோனேசியக் கணித, அறிவியல் கல்விக் கட்டுரைகள் ஏராளமாக வந்தன. ஏற்றம் முழுவதும் அங்கிருந்து வந்ததென்றால் அது வெளியீட்டு வழி திறந்ததன் விளைவு. கருத்துக்கு ஆர்வலர்கள் கூடினார்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வகுத்தல்: தரவுத்தளமே ஆண்டுதோறும் பெருக்கிறது. அந்தந்த ஆண்டில் உளவியல், கல்வி இரண்டும் சேர்ந்த மொத்த ஆவணங்களால் வகுத்து, பத்தாயிரத்துக்கு எத்தனை என்று போடுங்கள். செங்குத்து ஏற்றம் பல நேரம் மெல்லிய ஏற்றமாகப் படுத்துவிடும்.

கடைசி ஆண்டு: நடப்பு ஆண்டைக் கோட்டில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அட்டவணையில் ஏறத் தாமதமாவதால் முந்தைய ஆண்டும் பல மாதம் முழுமையாகாது.

#13 · மறைக்கணக்கு

ஒரு சின்னச் சந்தேகம். இந்த இழையில "ஆக்கச் சிந்தனை"ன்னு எழுதறோம். பி.எட். பாடநூல்கள்ல "ஆக்கத்திறன்"னா கிரியேட்டிவிட்டி. தமிழ்ல எழுதறப்ப ரெண்டும் ஒண்ணாயிடாதா?

#14 · உட்காட்சி

ஆகும். அதனால்தான் எதிர்ச்சொல்லோடு சேர்த்து "ஆக்கம், மீளாக்கம்" என்று இணையாக எழுதுவது நல்லது. ஜோடியாக நின்றால் பொருள் வழுக்காது. படைப்பாற்றலுக்குப் படைப்பாற்றல் என்றே வைத்துக்கொள்வோம். "உற்பத்திச் சிந்தனை" என்று சிலர் எழுதுகிறார்கள், தொழிற்சாலை நினைவுதான் வருகிறது.

#15 · நூலடுக்கு

சொல் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வரி. நூலளவியலுக்கு ஆங்கிலத்தில் "பிப்ளியோமெட்ரிக்ஸ்" என்ற பெயரைப் பரப்பியது பிரிட்சர்டின் 1969 கட்டுரை. அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1948-ல், சீர்காழியில் பிறந்த நூலக அறிவியலாளர் ரங்கநாதன் இங்கிலாந்தில் நடந்த ஆஸ்லிப் என்ற நூலகச் சங்கத்தின் மாநாட்டில் நூலகப் பணிக்கு எண் கணக்கு தேவை என்று சொல்லி "லைப்ராமெட்ரி" என்ற சொல்லை முன்வைத்தார். நூலளவியல் என்ற தமிழ்ச் சொல்லை நாம் கூச்சமில்லாமல் எழுதலாம்.

கோட்டோவியம், வேலையைத் தொடங்கும் நாளிலேயே ஒரு கோப்புறை போட்டுவிடுங்கள். அதில் தேடல் தொடர் ஒரு எழுத்து மாறாமல், தேடிய தேதி, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வந்தது எத்தனை நீங்கியது என்ற எண்கள், இருவரும் போட்ட குறிகள், சொற்களஞ்சியக் கோப்பு, விஓஎஸ்வியூவரின் மேப், நெட்வொர்க் கோப்புகள் இரண்டும், மென்பொருளின் பதிப்பு எண். ஸ்கோப்பஸின் மூலத் தரவைப் பொதுவில் வைக்க உரிமம் இடம் தராது, ஒவ்வொரு பதிவுக்கும் ஸ்கோப்பஸ் தரும் இஐடி அடையாள எண்களை மட்டும் வையுங்கள். மற்றவற்றை ஜெனோடோ என்ற திறந்த தரவுக் களஞ்சியத்தில் ஏற்றினால் டிஓஐ கிடைக்கும், கட்டுரையில் அதையே கொடுக்கலாம்.

#16 · கோட்டோவியம்

கோப்புறை போட்டாயிற்று. முதல் 50 கட்டுரைகளுக்கான குறியிடல் தாளில் "அளவுகருவி" என்று ஒரு நெடுவரிசையும் சேர்த்திருக்கிறேன். கப்பா வந்ததும் எண்ணை இங்கேயே இடுகிறேன், உட்காட்சி மேடம் அந்த எல்லைக்கோட்டுக் கட்டுரைகளை மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.